டிரையர் சுற்றுகிறது, சூடு இல்லை: ஐந்து மாதத்தில் இரண்டாவது தடவை

திருச்சிக்காரன் (பிராம்ப்டன், கனடா)

வணக்கம். எங்கள் வீட்டில் துணி காயவைக்கும் டிரையரைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். மின்சாரத்தில் ஓடுவது, வாங்கி எட்டு வருடம் ஆகிறது. டிரம் வழக்கம்போலச் சுற்றுகிறது, உள்ளே விளக்கு எரிகிறது, டைமர் ஓடுகிறது. துணி மட்டும் போட்ட ஈரத்தோடு சில்லென்று வெளியே வருகிறது.

போன செப்டம்பரிலும் இதேதான் நடந்தது. அப்போது வந்த ரிப்பேர்காரர் பின்பக்கத்தைத் திறந்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பொருளைக் கழற்றிக் காட்டி, "ஃபியூஸ் போயிருக்கிறது" என்றார். புதிதாக ஒன்று போட்டார், 180 டாலர் வாங்கிக்கொண்டு போனார். சூடு வந்தது. இப்போது பிப்ரவரி, மறுபடியும் போய்விட்டது.

வெளியே மைனஸ் 14. வீட்டில் கைக்குழந்தை. படிக்கட்டுக் கைப்பிடி, நாற்காலி முதுகு, கதவின் மேல்விளிம்பு என்று எங்கு பார்த்தாலும் ஈரத்துணி. இன்னொரு 180 டாலர் கொடுக்க மனம் வரவில்லை. நான் எலெக்ட்ரிகல் படித்தவன், மல்டிமீட்டர் கையில் இருக்கிறது. ஆனால் இந்த மாதிரி மெஷினைத் திறந்ததே இல்லை. நானே பார்க்கலாமா, அல்லது புதிதாக வாங்கிவிடுவதுதான் நல்லதா?

பழையஸ்பேனர் (ஸ்கார்பரோ)

தம்பி, வாங்க வேண்டாம். பொறுங்கள். இருபத்திரண்டு வருடமாக இதே வேலைதான் செய்கிறேன், எட்டு வருட டிரையர் என்றால் அதற்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

முதலில் காசில்லாத சோதனை. இந்த நாட்டு டிரையருக்கு 240 வோல்ட் தேவை. அது 120, 120 என்று இரண்டு கம்பியில் வருகிறது. டிரம்மைச் சுற்றும் மோட்டாருக்கு ஒரு கம்பி போதும், ஹீட்டருக்கு இரண்டும் வேண்டும். வீட்டு மின்சாரப் பேனலில் இருக்கும் 30 ஆம்பியர் இரட்டை பிரேக்கரில் ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போனால் உங்கள் வீட்டில் நடப்பதுதான் நடக்கும்: டிரம் சுற்றும், சூடு வராது. பிரேக்கர் பார்வைக்கு ஆன் போலவே நிற்கும். அதை முழுக்க ஆஃப் பக்கம் தள்ளி, திரும்ப ஆன் செய்து பாருங்கள். மூன்றில் ஒரு வீட்டில் நான் இதை ஃபோனிலேயே முடித்துவிடுவேன்.

அது சரியாக இருந்தால், எனக்குப் பெரிய விஷயம் அந்த ஃபியூஸ் போனது அல்ல, இரண்டாம் தடவை போனது. அது பெரும்பாலும் தானாகப் பழுதாகிற சாமான் இல்லை. தன்னைச் சுற்றி அளவுக்கு மீறிச் சூடானால் தன்னை அறுத்துக்கொண்டு வீட்டைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. செப்டம்பரில் அது வேலையைச் செய்தது. வந்தவர் ஏன் சூடானது என்று பார்க்காமல் புதிதாக ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

டிரையரை எல்லாரும் சூடாக்குகிற மெஷின் என்று நினைக்கிறார்கள். அது காற்றை இழுத்து வெளியே தள்ளுகிற மெஷின். உள்ளே ஒரு ஊதுவிசிறி இருக்கிறது. அது அறைக்காற்றை ஹீட்டர் பெட்டி வழியாக டிரம்முக்குள் இழுத்து, துணியின் ஈரத்தை ஏற்றிக்கொண்டு, துணித்தூசியைப் பிடிக்கும் லின்ட் வலை வழியாகக் குழாயில் வெளியே அனுப்புகிறது. அந்த ஓட்டம் குறைந்தால் ஹீட்டர் பெட்டியில் சூடு தேங்கும். பெட்டியின் மேல் இரண்டு காவலாளிகள் உண்டு. நான் அதிகம் பார்க்கும் வகையில் முதலாமவர் 121 டிகிரி செல்சியஸில் ஹீட்டரை நிறுத்தி, ஆறியதும் திரும்ப விடுவார். அதையும் மீறி 178 டிகிரிக்குப் போனால் இரண்டாமவர் நிரந்தரமாக அறுத்துவிடுவார். உங்கள் ஃபியூஸ் அந்த இரண்டாமவர்தான். மாடலுக்கு மாடல் எண் மாறும், முறை ஒன்றுதான்.

இதற்குப் பதில் எழுதுங்கள்: சூடு போவதற்கு முந்தைய வாரங்களில் ஒரு லோடு காய எவ்வளவு நேரம் எடுத்தது? குழாய் எங்கே போய் வெளியே திறக்கிறது? டிரையர் ஓடும்போது அந்த வெளி மூடி நன்றாகத் தூக்குகிறதா?

திருச்சிக்காரன்

அண்ணா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி. பிரேக்கரை ஆஃப் செய்து ஆன் செய்தேன், மாற்றமில்லை.

காயும் நேரத்தைப் பற்றி நீங்கள் கேட்டபிறகுதான் மனைவியிடம் பேசினேன். நவம்பரிலிருந்தே ஒவ்வொரு லோடையும் இரண்டு தடவை ஓட்டியிருக்கிறாள். குழந்தைத் துணி அதிகம், அதனால்தான் என்று நினைத்திருக்கிறாள். ஒன்றரை மணி நேரம் எடுத்திருக்கிறது. துணி வைக்கும் அந்தச் சின்ன அறையில் ஜன்னல் கண்ணாடி எப்போதும் வியர்த்திருந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

டிரையர் மாடியில் இருக்கிறது. குழாய் சுவருக்குள் ஏறி, கூரைக்குக் கீழே ஓடி, பக்கவாட்டுச் சுவரில் திறக்கிறது. தரையிலிருந்து பதினைந்து அடி உயரம் இருக்கும். ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடி கொஞ்சம் துடிக்கிறது, தூக்கவில்லை.

ஸ்குரூடிரைவர்88

நண்பரே, அவசரத்துக்கு ஒரு வழி. அந்த ஃபியூஸின் இரண்டு கம்பியையும் நேராக இணைத்துவிட்டால் சூடு வந்துவிடும். என் அறைத்தோழன் வீட்டில் ஒரு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. பார்ட் வரும்வரை குழந்தைத் துணியாவது காயும்.

பழையஸ்பேனர்

செய்யவே வேண்டாம். உங்கள் நண்பரிடமும் இன்றைக்கே சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள்.

நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது, ஆனால் இதில் நான் கடுமையாகத்தான் பேசுவேன். அந்த ஹீட்டர் 5,000 வாட்டுக்கு மேல். அதைச் சுற்றி இருப்பது பருத்தித் தூசி. தீக்குச்சி காட்டினால் பஞ்சு எப்படிப் பற்றும் என்று எல்லாருக்கும் தெரியும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான கணக்கைப் பார்த்துச் சொன்னது: குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள், 5 சாவுகள், 100 பேருக்குக் காயம். காரணங்களில் முதலிடம் சுத்தம் செய்யாமல் விட்டது, 34 சதவீதம். குளிர்காலத்தில்தான் அதிகம், ஜனவரியில் உச்சம். குழந்தை தூங்குகிற வீட்டில் அந்தக் கடைசிக் காவலைக் கழற்றக் கூடாது.

தம்பி, பார்ட் வரும்வரை துணியை வாஷரிலேயே கடைசிச் சுழற்சியை இரண்டு தடவை ஓட்டிப் பிழியுங்கள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் அங்கேயே போய்விடும். ஒரு மின்விசிறியை நேராகத் துணி மேல் வைத்து, ஜன்னலை ஒரு விரல் திறந்துவிடுங்கள்.

மொட்டைமாடி (நியூ ஜெர்சி)

ஸ்பேனர் அண்ணா சொல்வதோடு நம் வீட்டுப் பெண்களுக்காக இரண்டு விஷயம்.

உள்பாவாடை நாடா. அதை முடிச்சுப் போட்டுத்தான் உள்ளே போடுங்கள். எங்கள் வீட்டில் நாடா ஒன்று டிரம்முக்கும் முன்பக்கத் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் கம்பளி வளையத்தில் சிக்கி, வளையத்தையே பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அப்புறம் துணியில் கறுப்புக் கோடு விழ ஆரம்பித்தது. வளையத்தை மாற்ற டிரம்மையே வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, புடவை ஊக்கு. ஒரு நாள் திடீரென்று டிரையரின் அடியில் டக்டக்கென்று கல்லை உருட்டுகிற மாதிரிச் சத்தம். லின்ட் வலை செருகும் இடத்தின் வழியாக ஓர் ஊக்கு உள்ளே விழுந்து, ஊதுவிசிறியின் இறக்கைகளுக்குள் மாட்டியிருந்தது. பிளாஸ்டிக் விசிறிதானே, இரண்டு இறக்கை உடைந்துபோனது. இப்போது துணி போடுமுன் தோள்பட்டை மடிப்பைத் தடவிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். துணி காயுமுன்பே மெஷின் நின்றுவிட்டால் உடனே ஹீட்டரைச் சந்தேகப்படாதீர்கள். டிரம்முக்குள் எட்டிப் பார்த்தால், கதவுக்கு அருகே இரண்டு உலோகப் பட்டைகள் தெரியும். ஈரத்துணி அதன்மேல் படும்போது ஈரத்தை அளப்பது அவைதான். துணியோடு டிரையரில் வாசனைத் தாள் போடுகிறவர்கள் வீட்டில் அந்தப் பட்டையில் மெழுகு மாதிரிப் படலம் ஏறிவிடும், மெஷினுக்கு ஈரம் தெரியாது. மருந்துக்கடை ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தால் போதும்.

பழையஸ்பேனர்

அக்கா, மிகச் சரி. அதே மெழுகு லின்ட் வலையிலும் ஏறும். வலையைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் இறங்காமல் மேலே நின்றால் காற்றும் போகாது. பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்தேய்க்கும் பிரஷும் போதும், நன்றாகக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். தூசியை ஒவ்வொரு லோடுக்கும் எடுக்கிறவர்கள்கூட வலையைக் கழுவுவதில்லை.

புதுக்குடித்தனம் (மார்க்கம்)

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எங்கள் வீட்டில் கட்டாயம். அவருக்கு நல்லெண்ணெய், குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய். துவைத்து டிரையரில் போட்ட துண்டுகளில் ஒரு பொரித்த வாசனை வருகிறது. நேற்று மடித்து அடுக்கிய துண்டு ஒரு மணி நேரம் கழித்தும் சூடாக இருந்தது. டிரையரில் ஏதாவது கோளாறா?

பழையஸ்பேனர்

தங்கச்சி, டிரையரில் கோளாறு இல்லை. ஆனால் இது இந்த இழையிலேயே மிக முக்கியமான கேள்வி, தயவுசெய்து எல்லாரும் படியுங்கள்.

எண்ணெய் பட்ட துணியை டிரையரில் போடாதீர்கள். எந்த டிரையரின் கையேட்டைத் திறந்தாலும் இது எழுதியிருக்கும், நம் ஆட்கள் வீட்டில்தான் இது அடிக்கடி நடக்கிறது. எண்ணெய் ஒரு தடவை துவைத்தால் முழுக்கப் போகாது, நூலுக்குள் தங்கும். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு மெதுவாகச் சேரும், சேரும்போது சூடு விடும். துணி விரிந்து கிடந்தால் அந்தச் சூடு பறந்துவிடும். டிரையரிலிருந்து கொதிக்கக் கொதிக்க எடுத்து, மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சூடு வெளியே போக வழியில்லை. உள்ளுக்குள் ஏறிக்கொண்டே போய், யாரும் தொடாமலே பற்றும். மசாஜ் நிலையங்களிலும் உணவகங்களிலும் மடித்து வைத்த துண்டுகள் தானாகப் பற்றியது இப்படித்தான். தேங்காய் எண்ணெயில் இந்த வினை மிகக் குறைவு, ஆனால் வீட்டில் இரண்டும் ஒரே கூடைக்குத்தான் போகிறது.

உங்கள் துண்டு ஒரு மணி நேரம் கழித்தும் சூடாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அடுக்கைப் பிரித்து ஒவ்வொன்றாக விரித்துப் போடுங்கள், இப்போதே. இனி எண்ணெய்க் குளியலுக்கென்று இரண்டு பழைய துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள். வெந்நீரில் சோப்பு கூடுதலாகப் போட்டுத் துவைத்து, கொடியில் காயவிடுங்கள். டிரையரின் கடைசிப் பத்து நிமிடம் சூடில்லாமல் சுற்றுகிறதே, அது துணியை ஆறவைக்கத்தான். அவசரப்பட்டு நடுவில் நிறுத்தி எடுக்காதீர்கள்.

புதுக்குடித்தனம்

படித்ததும் ஓடிப்போய் அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் விரித்துப் போட்டுவிட்டேன். உள்பக்க மடிப்பு இளஞ்சூடாகத்தான் இருந்தது. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். மிக்க நன்றி அண்ணா.

ஈஸ்ட்ஹாம்

லண்டனிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே 2016 ஆகஸ்டில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஷெப்பர்ட்ஸ் கோர்ட் என்ற அடுக்குமாடியில் ஒரு டிரையரில் தொடங்கிய தீ பல மாடிகளுக்கு ஏறியது. அதே சிக்கல், தூசி ஹீட்டரில் படுவது. 2004 ஏப்ரலுக்கும் 2015 செப்டம்பருக்கும் நடுவில் செய்த ஹாட்பாயின்ட், இன்டெசிட், கிரெடா, சுவான், புரோலைன் டிரையர்களில் பலவற்றைப் பிறகு 2019இல் திரும்பப் பெற்றார்கள். பழைய மெஷினை யாராவது இலவசமாகக் கொடுத்தால் கதவின் உட்பக்கம் இருக்கும் மாடல் எண்ணைச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.

எங்கள் வீடுகளில் வெளிக்குழாய் இல்லாமல், ஈரக்காற்றை உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கும் கண்டென்சர் வகைதான் அதிகம். அதற்கு அடியில் ஒரு சின்னக் கதவு உண்டு, திறந்தால் கண்டென்சரை இழுப்பறை மாதிரி வெளியே எடுத்துக் குழாயடியில் கழுவலாம். தண்ணீர்த் தொட்டியைக் கொட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் வகையில் பெரும்பாலும் கழற்ற முடியாது, மெல்லிய பிரஷால் தகடு வளையாமல் மேலிருந்து கீழாகத் தூசி எடுக்க வேண்டும்.

திருச்சிக்காரன்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதுதான் வேலை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், இன்னொருவருக்கு உதவும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். டிரையரை முன்னால் இழுத்தபோதே ஒரு விஷயம் தெரிந்தது. பின்னால் இருந்த வெள்ளி நிற மடக்குக் குழாய் சுவரோடு அமுங்கி, நான்கு அங்குல வட்டம் சப்பாத்தி மாதிரித் தட்டையாகியிருந்தது. போன தடவை டிரையரைத் தள்ளி வைத்தபோது நசுங்கியிருக்க வேண்டும்.

குழாயைக் கழற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து, பிளக்கை மாட்டி ஒரு நிமிடம் ஓட்டினேன். டிரையரின் வாயில் காற்று முகத்தில் அறைந்தது. ஊதுவிசிறி நன்றாக இருக்கிறது, அடைப்பு குழாயில்தான் என்று புரிந்தது. மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஏணி பிடித்தார். மேலே ஏறிப் பார்த்தால், வெளி மூடிக்குப் பின்னால் குருவி நுழையாமலிருக்கக் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். முந்தைய வீட்டுக்காரர் வேலை. அந்த வலையில் தூசி ஒட்டி, நனைந்து, உறைந்து, சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி ஓர் அங்குலத் தடிப்பில் நின்றது. விரலால் குத்தினேன், போகவில்லை. ஸ்குரூடிரைவரால் பெயர்த்தபோது முழு வட்டமாகக் கையில் வந்தது. அதில் குழந்தையின் மஞ்சள் போர்வை நிறத்தில் ஒரு வரி, என் நீலச் சட்டை நிறத்தில் ஒரு வரி, மரத்தின் வளையம் மாதிரித் தெரிந்தது. அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இரவெல்லாம் டிரையரை ஓட்டியிருக்கிறோம்.

துரப்பணத்தில் (டிரில்) மாட்டும் நீளப் பிரஷ் வாங்கிக் குழாயைக் குடைந்தேன். இரண்டு கடைப்பை நிறையத் தூசி. கூரைக்குக் கீழே ஓடும் பகுதியில் ஒரு தம்ளர் தண்ணீரும் தேங்கியிருந்தது.

பழையஸ்பேனர்

அருமை தம்பி. அந்தத் தண்ணீர் ஏன் என்றால், கூரைக்குள் குழாய் குளிர்ந்து கிடக்கிறது, ஈரக்காற்று அதில் பட்டதும் துளியாகிறது. அடுத்த லோடின் தூசி அந்தத் துளியில் ஒட்டுகிறது. குழாயைச் சுற்றி இன்சுலேஷன் போட்டு, வெளிமூடி பக்கம் லேசாகச் சாயும்படி தாங்கு கொடுங்கள்.

கம்பிவலையைத் திரும்பப் போடாதீர்கள். குழாயின் வெளி வாயில் வலை கூடவே கூடாது, தூசி பிடிக்கத்தான் உதவும். காற்று அடித்தால் திறந்து, காற்று நின்றால் மூடுகிற மூடி போதும். பின்னால் அந்த மடக்குக் குழாய்க்குப் பதிலாக வழவழப்பான தகரக் குழாய் வாங்கிப் போடுங்கள். இணைப்புகளில் ஸ்குரூவின் முனை உள்ளே நீட்டக் கூடாது, தூசி அதில் கொக்கி போட்டுத் தொங்கும். அலுமினியத் தகட்டு டேப் ஒட்டுங்கள். அமெரிக்க வீட்டு விதியில் இந்தக் குழாய்க்கு 35 அடி எல்லை, ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் ஐந்து அடி கழித்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு மூன்று வளைவு இருந்தால் 20 அடிதான் மிச்சம், அளந்து பாருங்கள்.

அப்புறம் பிரஷ் துரப்பணத்தில் எப்போதும் வலப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். இடப்பக்கம் சுற்றினால் கம்புகள் மரை கழன்று பிரஷ் சுவருக்குள்ளேயே நின்றுவிடும். அதை எடுக்கச் சுவரை உடைத்த வீடும் பார்த்திருக்கிறேன்.

இப்போது மல்டிமீட்டர். பிளக் பிடுங்கியே இருக்கட்டும். ஹீட்டர் பெட்டி மேலிருக்கும் இரண்டு காவலாளிகளிலும் ஒரு பக்கக் கம்பியைக் கழற்றிவிட்டு அளங்கள். இல்லாவிட்டால் வேறு வழியாகச் சுற்றி வந்து தவறாகக் காட்டும். மீட்டரில் பீப் வந்தால் உள்ளே அறுபடவில்லை, நல்லது. ஹீட்டரின் இரண்டு முனைக்கும் நடுவே 10 ஓம் அருகில் வர வேண்டும். பிறகு ஒரு முனையையும் பெட்டியின் தகட்டையும் தொட்டுப் பாருங்கள், அங்கே எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் சுருள் தொய்ந்து தகட்டில் படுகிறது, சூடில்லாத சுற்றிலும் அது சிவந்து எரியும், ஹீட்டரையே மாற்ற வேண்டும்.

கரண்ட் கேபிள் வந்து சேரும் கட்டையையும் பாருங்கள். ஸ்குரூ தளர்ந்தால் அங்கே பிளாஸ்டிக் பழுப்பாகக் கருகியிருக்கும்.

திருச்சிக்காரன்

அளந்தேன். நிரந்தரமாக அறுக்கிறவர் போய்விட்டார், பீப் இல்லை. மற்றவருக்குப் பீப் வருகிறது. ஹீட்டர் 10.4 ஓம், தகட்டோடு தொடர்பு இல்லை. கேபிள் கட்டை சுத்தமாக இருக்கிறது, ஒரு ஸ்குரூ மட்டும் அரைச்சுற்று இறுகியது. மற்றவர் நன்றாகத்தானே இருக்கிறார், அறுந்ததை மட்டும் மாற்றினால் போதுமா அண்ணா?

பழையஸ்பேனர்

இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். முதலாமவர் ஐந்து மாதமாக எத்தனையோ தடவை அறுந்து சேர்ந்திருக்கிறார், அவருடைய முனைகள் தேய்ந்திருக்கும். அதனால்தான் பல மாடல்களுக்கு இரண்டும் ஒரே பொட்டலமாக வருகிறது. உங்கள் மாடல் எண்ணை வைத்துத்தான் வாங்க வேண்டும், பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பதை வாங்கக் கூடாது. டிகிரி வேறாக இருக்கும்.

திருச்சிக்காரன்

நேற்று பொட்டலம் வந்தது, 31 டாலர். இரண்டையும் மாற்றினேன். தகரக் குழாய் போட்டு, டிரையருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டேன். குழாய் 17 அடி, மூன்று வளைவு.

முதல் லோடு, பத்துத் துண்டும் குழந்தைத் துணியும்: 46 நிமிடம். கீழே போய்ப் பார்த்தேன், மூடி முழுக்கத் தூக்கி நின்றது, பனிக்காற்றில் ஆவி வேலி வரைக்கும் போனது. அறையின் ஜன்னல் கண்ணாடி வியர்க்கவில்லை. மனைவி சூடான போர்வையை எடுத்துக் குழந்தை மேல் போட்டதும் அது அப்படியே தூங்கிப்போனது.

டிரையரின் பக்கவாட்டில் ஒரு டேப் ஒட்டி, குழாய் சுத்தம் செய்த தேதியையும் 46 நிமிடம் என்பதையும் எழுதியிருக்கிறேன். 60 நிமிடத்தைத் தாண்டினால் ஏணி எடுப்பதாக முடிவு.

பழையஸ்பேனர்

அதே டேப்பில் 10.4 ஓம் என்பதையும் எழுதிவிடுங்கள் தம்பி. அடுத்த தடவை திறக்கிறவருக்கு வேண்டும்.